அறுபத்தொன்றாவது நிமிடம்

...ரயிலே இல்லாத படத்துக்கு அட்டையில் எதற்கு ரயில், அதுவும் பாலத்தின் மேல் நின்று பற்றி எரிகிற ரயில், இருபத்திரண்டு நாள் படம் பிடித்தோமே, ஒரு நாளாவது தண்டவாளத்தின் பக்கம் போயிருப்போமா, பாலம் என்று சொல்லிக்கொள்ள அந்த டூகம்கேரிச் சீமையில் என்ன இருக்கிறது, பாலம் போடுகிற அளவுக்குத் தண்ணீர் ஓடினால் அல்லவா... லைல் ஹாஸ்கெட் அந்த டிவிடி அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்தால் பின்பக்கம் அதைவிட மோசம். 'உப்புக் கிணறு' என்று அவன் பெயர் வைத்த படம் இப்போது 'ஏழு தோட்டாப் பழி'. படம் முழுக்க வெடிப்பதே நான்கு தோட்டாதான், அதிலும் ஒன்று பாம்புக்கு. இதைத் தொலைபேசியில் சொன்னபோது படத்தை வெளியிடுகிற கம்பெனியில் இருந்தவன், குரலை வைத்துப் பார்த்தால் முகச்சவரம் பழகி ஐந்து வருடம்கூட ஆகியிருக்காது, "கடையில வாங்குறவன் எண்ணிப் பாத்தா வாங்கப்போறான்?" என்றான். அட்டையில் குதிரைமேல் பாய்கிறவன் டெக்ஸ்டர் கேன், ஒரு காலத்தில் டிவித் தொடரில் வீடு வீடாகப் போய்வந்த முகம், இரண்டே நாள் வந்து நீதிபதியாக நாற்காலியில் உட்கார்ந்து ஆறு நிமிடம் பேசிவிட்டுப் போனவன், குதிரை ஐம்பது அடி தூரத்தில் நின்றாலே தும்முகிற ஆசாமி. தியேட்டர் பார்க்காத படம், நேராகக் கடைக்கு, நாய்த்தீனிக்கும் டயருக்கும் நடுவே கிடக்கும் தள்ளுபடித் தொட்டிக்கு... சரி, பேசு, பேசு, சிவப்பு விளக்கு எரிந்து நான்கு நிமிடம் ஆகிறது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவுக்காரி யோலாண்டா கையைச் சுழற்றிக் காட்டுகிறாள், நீ வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்த மௌனமும் அல்லவா வட்டில் பதியும்.

படம் ஓட ஓட இயக்குநர் கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டு போகிற கமெண்டரி, வேண்டுபவர்கள் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம், யார் அழுத்தப்போகிறார்கள் என்பது வேறு கதை. கார் விளம்பரமும் சர்ச் பாட்டும் பதிவு செய்கிற இந்த ஆல்புகர்க்கி அறையை இரண்டு மணி நேரத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள், ஆகையால் ஒரே ஓட்டம், நிறுத்தாமல் பேசி முடிக்க வேண்டும். கதாநாயகன் வரவில்லை, கமெண்டரிக்குத் தனிச் சம்பளம் கேட்டான். வந்தது ஆர்லோ. ஆர்லோ பெக், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிப் பேருந்து, ஒரே கடைசி இருக்கை, படத்துக்குத் தன் பண்ணையைத் தந்து, குதிரைகளைத் தந்து, குதிரைகளையும் நடிகர்களையும் மேய்த்தவன், இதோ பக்கத்து நாற்காலியில், யாரும் பார்க்கப்போகாத ஒலிப்பதிவுக்கு இஸ்திரி போட்ட சட்டை, முத்துப் பொத்தான் வைத்தது, மகள் கல்யாணத்துக்குப் போட்டது. "இங்க பாருங்க, இருபது பேரு குதிரையில வர்றானுங்கல்ல?" என்று ஆர்லோ மைக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "மொத்தமே ஆறு குதிரைதான். கேமராவைத் தாண்டிப் போயி, அந்த மேட்டுக்குப் பின்னாடி சுத்தி வந்து, தொப்பியை மாத்திக்கிட்டுத் திரும்ப வருவானுங்க. மூணாவது சுத்துல ஒருத்தன் தொப்பியை மாத்த மறந்துட்டான். இதோ இவன்தான்... கழுதைக்குப் பொறந்தவன்." யோலாண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். லைலும் சிரித்தான். இவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது, மைக்கைப் பார்த்துப் பேசவில்லை, தீவனக் கடை வாசலில் நிற்கிறவனைப் போல் பேசுகிறான். திரையின் ஓரத்தில் நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று. இன்னும் ஐம்பது நிமிடம். அறுபத்தொன்றாவது நிமிடத்தில் கதாநாயகன் லாடம் அடிப்பவனின் கொட்டகைக்கு வருவான், அங்கே ஆர்லோவின் காட்சி வர வேண்டும், படம் முழுக்க ஆர்லோ நடித்த ஒரே காட்சி, ஏழு நிமிடம், அது வராது. இந்த வட்டில் அது இல்லை. ஆர்லோவுக்குத் தெரியாது.

சொல்லியிருக்க வேண்டும். காரில் சொல்லியிருக்க வேண்டும், இரண்டரை மணி நேரம், ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது, ஒருவர் மனதில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்வதற்கென்றே போட்ட சாலை, சாண்டா ரோசா தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான், தாண்டியாயிற்று, கிளைன்ஸ் கார்னர்ஸில் பெட்ரோல் போடும்போது என்று நினைத்தான், போட்டாயிற்று, அங்கே ஆர்லோ பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரிட்டோ ரொட்டி இரண்டு வாங்கிவந்து ஒன்றை நீட்டி, "என்னமோ சொல்ல வாயெடுத்தியே?" என்றான். "ஒண்ணுமில்ல, காத்து அடிக்குது" என்றான் லைல். காற்று அடிக்கிறது! ஏப்ரல் மாதத்தில் நியூ மெக்ஸிகோவில் காற்று அடிக்கிறது என்று ஒருத்தனுக்குச் செய்தி சொன்ன ஒரே மடையன் நீயாகத்தான் இருப்பாய். அதற்கப்புறம்தான் ஆர்லோ சட்டைப் பையில் இருந்த ஒரு காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், எடுக்கவில்லை, தொட்டுப் பார்த்தான், "டேய் லைல், என் சீன் வரும்போது நான் நடீன் பேரைச் சொல்லிக்கிறேன். தப்பில்லியே? பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன், இல்லாட்டி நேரத்துக்கு நாக்கு ஒட்டிக்கும்." பெண்சாதி பேரைச் சொல்வதில் என்ன தப்பு, தப்பில்லை என்றான். வாய் தப்பில்லை என்றுதான் சொன்னது. மிளகாய் நெஞ்சை எரித்தது, மிளகாய்தான் என்று அவன் வைத்துக்கொண்டான்.

இதெல்லாம் அவர்களால் வந்த வினை, ரயில் போட்டவர்கள், தோட்டாவை ஏழாக்கியவர்கள், இருபத்திரண்டு நாள் வெயிலில் காய்ந்து எடுத்ததைத் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடைக்கச் சொன்னவர்கள், தொண்ணூறுக்குள் இருந்தால்தான் பின்னால் டிவிக்குத் தள்ளலாமாம், இவர்களுக்குப் படம் என்பது சவப்பெட்டி, பிணம் நீளமாக இருந்தால் காலை வெட்டு... இதையே மூன்று வாரமாக மார்லீனிடம் சொல்லிச் சொல்லி, "வெட்டிட்டாங்க, பாவிங்க வெட்டிட்டாங்க" என்று சமையலறையில் நடந்துகொண்டே சொல்லி, அவள் ஒருநாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "ஆர்லோகிட்ட சொன்னீங்களா இல்லியா, அதைச் சொல்லுங்க" என்றாள். எத்தனை வருடம் குடித்தனம் நடத்தினாலும் பெண்சாதிக்கு எங்கே குத்த வேண்டும் என்பது மறப்பதில்லை.

இருபத்துமூன்று. ஐயோ, இந்த ஷாட். கதாநாயகன் பிஸ்கட் என்கிற குதிரைமேல் ஏறுகிறான், பின்னால் மலைமுகடு, மாலை வெளிச்சம், எல்லாம் சரி, இடதுபக்கம் கீழே மண்ணில் ஒரு தொப்பியின் நிழல். கதாநாயகனுக்குக் குதிரை ஏறத் தெரியாது, பிஸ்கட்டுக்கோ தெரியாதவன் அங்கவடியில் கால் வைத்தால் நகர்ந்துகொள்ளுகிற வழக்கம், ஒவ்வொரு முறையும் ஆர்லோ குந்தி உட்கார்ந்து, கேமராவுக்குத் தெரியாமல், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான். எல்லாப் படத்திலும் யாராவது ஒருவன் அப்படிக் குந்தி உட்கார்ந்திருப்பான், பார்க்கிறவர்களுக்கு வீரன் தானே ஏறின மாதிரி இருக்கும். அன்றைக்குச் சூரியன் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை, ஆள் வெளியே, நிழல் உள்ளே. அதை அழிக்க லைல் என்ன பாடு பட்டான், பார்க்கும்போதெல்லாம் பல்லில் கல் அகப்பட்ட மாதிரி. "அந்த நெழல் என்னுதுங்க" என்று ஆர்லோ மைக்குக்குப் பெருமையாகச் சொன்னான். "லைலுக்கு இதைப் பாத்தாலே ஆகாது. நான் என்ன சொல்றேன், பிஸ்கட்டு நடிச்சதைப் பாராட்டுங்க, அது அசையல பாருங்க. அதுக்கு அப்போ வயித்துவலி." பேசுகிறான், பேசிக்கொண்டே காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டான், நான்காய் மடித்தது, வைத்துக் கையால் தேய்த்துவிடுகிறான். இப்போது மைக்கைப் பொத்திச் சொல்லலாம். பொத்தினால் சத்தம் பதியும். எழுதிக் காட்டலாம், பேனா இல்லை. பேனா யோலாண்டாவிடம் இருக்கிறது. சாக்குக்கு மட்டும் உனக்குப் பஞ்சமே இல்லை.

நாற்பது, நாற்பத்தொன்று, டெக்ஸ்டர் கேன் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான், லைல் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னான், எந்த நாலு வார்த்தை என்று அவனுக்கே தெரியாது. அவன் மனது கொட்டகைக்குப் போய்விட்டது. பதினெட்டாம் நாள், வெளிச்சம் இன்னும் கால் மணி நேரம். ஆர்லோவுக்கு ஒன்றரைப் பக்க வசனம், மூன்று ராத்திரி உட்கார்ந்து லைல் எழுதியது, கடவுளைப் பற்றியும் இரும்பைப் பற்றியும், இப்போது நினைத்தால் கூசுகிறது, அப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூசியது. ஆர்லோ குதிரையின் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான், அரத்தால் குளம்பை ராவத் தொடங்கினான், எழுதினதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ராவிக்கொண்டே சொன்னான், தலை நிமிராமல் சொன்னான்: "என் வீட்டுக்காரி படுத்துக் கெடந்தா. ஜன்னலைத் தெறன்னா. மண்ணு அடிக்குது, உள்ள வந்துரும்னேன். சரின்னா. அப்புறம் அவ எதையுமே கேக்கல." அவ்வளவுதான், அப்புறம் ஆணியை வாயிலிருந்து எடுத்து அடித்தான், ஒவ்வொன்றாக, கதாநாயகனுக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது, மறந்ததே நல்லதாயிற்று, லைல் 'கட்' சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை, மறுபடி ராவினான், மறுபடி ஏதோ சொன்னான், வெளிச்சம் போகிற வரைக்கும் கேமரா ஓடியது. நடீன் செத்து அப்போது பதினோரு மாதம். அந்த வீட்டு ஜன்னலை லைலுக்குத் தெரியும், மேற்குப் பார்த்தது, சவ அடக்கத்துக்கு முந்தின நாள் போனபோது அது திறந்துதான் இருந்தது, மெத்தையெல்லாம் மண், ஆர்லோ கூட்டாமல் விட்டிருந்தான். ஏன் கூட்டவில்லை என்று அன்றைக்கு அவனுக்குப் புரியவில்லை. கொட்டகையில்தான் புரிந்தது.

அந்தக் காட்சியைத்தான் வெட்டினார்கள்... யார் வெட்டினார்கள்? இதை மட்டும் கேட்காதே. ஐம்பத்துநான்கு. கேள். கம்பெனி அனுப்பிய கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, ஒன்பது நிமிடம் குறைத்துத் தரவும், எதைக் குறைப்பது என்பது இயக்குநரின் விருப்பம். இயக்குநரின் விருப்பம் என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்தது. பாலைவனத்தில் குதிரை ஓடுகிற ஷாட்டுகள் மட்டும் பன்னிரண்டு நிமிடம் இருந்தன, அதில் கை வைத்தானா? இரண்டு நிமிடம் வைத்தான். மீதி ஏழு முழுசாக ஒரே இடத்தில், சுத்தமாக, தையல் தெரியாமல், அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அப்புறம் எழுந்து போய்ச் சாண்ட்விச் சாப்பிட்டான். கதை அது இல்லாமலும் நகர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நகரத்தான் செய்கிறது, தலை இல்லாத கோழிகூடத்தான் நகர்கிறது. சாண்டா ரோசா பள்ளிக்கூட மண்டபத்தில் முதல்முதலாகப் போட்டுக்காட்டிய அன்றைக்கு, மடக்கு நாற்காலிகள், எண்பது பேர், முடிந்ததும் மோட்டல் நடத்துகிற ஓர் அம்மாள் அழுத கண்ணோடு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த லாடக்காரர் ஜன்னலைப் பத்திச் சொல்றாரே, அதை நீங்களா எழுதினீங்க?" எண்பது பேரில் ஒருவர்கூட வேறு எதைப் பற்றியும் கேட்கவில்லை. "ஆமா" என்றான் லைல். திரும்பினால் ஆர்லோ பின்னால் நிற்கிறான், இரண்டு கையிலும் காப்பி. கேட்டிருப்பானோ, கேட்டிருந்தால் என்ன, சர்க்கரை போட்டதை இவனிடம் நீட்டிவிட்டு, "கூட்டம் பரவாயில்லியே" என்றான், அவ்வளவுதான். அன்றைக்குக் கிளம்பியது இந்தப் புகைச்சல். முப்பது வருடமாகப் படம் எடுக்க வேண்டும் என்று துடித்தவன் நீ, இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டே எழுதியவன் நீ, வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனது குதிரைக்காரன் சொன்ன நாலு வரி, அதையும் உன்னுடையது என்று சொல்லிவிட்டாய், சொன்ன பொய்யைத் திரையில் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டு உட்கார உன்னால் ஆகவில்லை, வெட்டிவிட்டாய். பழியைத் தூக்கிக் கம்பெனிக்காரன் தலையில் போட்டாய், ரயில் போட்டவன்தானே, அவன் எதையும் செய்வான், யாரும் நம்புவார்கள்.

ஐம்பத்தெட்டு. லைல் தண்ணீர் குடித்தான், தொண்டையில் இறங்குகிற சத்தம் மைக்கில் கேட்டிருக்கும். ஆர்லோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான், காகிதத்தைப் பிரித்தான், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. "இனிமே வர்ற எடம்தாங்க..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். ஐம்பத்தொன்பது. கதாநாயகனின் குதிரை நொண்டுகிறது. சொல், இப்போதாவது சொல், பதிந்தால் பதியட்டும், வட்டில் ஏறினால் ஏறட்டும், ஆர்லோ, அது வராது, நான்தான்... அறுபது. கொட்டகை தூரத்தில் தெரிகிறது, புகை, பட்டடையில் அடிக்கிற சத்தம், அந்தச் சத்தத்தை மட்டும் எதற்கு விட்டுவைத்தாய், மடையா, அடிக்கிறவனை எடுத்துவிட்டுச் சத்தத்தை வைத்திருக்கிறாய். கதாநாயகன் வாசலில் இறங்குகிறான். கதவுக்குள் நுழைகிறான். அடுத்த ஷாட்டில் குதிரைமேல் போய்க்கொண்டிருக்கிறான், நான்கு காலிலும் லாடம், வானம் முழுக்க மேகம்.

ஆர்லோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். யோலாண்டா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்து வினாடி இருக்கும், பத்து இருக்கும், இதுவும் பதிகிறது, இதுவும் பதிகிறது. பிறகு ஆர்லோ மைக்கை நோக்கிக் கொஞ்சம் குனிந்தான், பழைய குரல்தான், தீவனக் கடை வாசல் குரல், கொஞ்சம் மெதுவாக. "இங்க ஒரு சீன் இருந்துச்சுங்க. நான் நடிச்சது. பிரமாதம்னு இல்ல. ஒம்பது நிமிஷம் கொறைக்கணும்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க, எதையாவது எடுத்துத்தானே ஆகணும்? அவங்க எடுத்துட்டாங்க. அவங்களையும் தப்புச் சொல்ல முடியாது. என்ன லைல்?"

"ஆமா" என்றான் லைல்.

அவ்வளவுதான், குரல் அவனுடையதுதான், தெளிவாக வந்தது, திணறல்கூட இல்லை, இனிமேல் யார் எந்த ஊரில் எந்தத் தொட்டியிலிருந்து இந்த வட்டை எடுத்துப் போட்டாலும் அறுபத்தொன்றாவது நிமிடத்தில் லைல் ஹாஸ்கெட் ஆமா என்று சொல்லுவான். ஆர்லோ காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து, முத்துப் பொத்தானை அழுத்தினான், டக்கென்று சத்தம் கேட்டது. நடீன் பேரைச் சொல்லவில்லை. உடனே பிஸ்கட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான், மேகத்தைக் கண்டால் அது எப்படிக் காதை மடிக்கும், யாருடைய தொப்பியைத் தின்றது, யோலாண்டா மறுபடி சிரித்தாள், படம் ஓடியது, நான்காவது தோட்டா வெடித்தது, லைல் ஒன்றிரண்டு இடத்தில் ஆமாம் போட்டான். ஆமாம் போடத்தான் பிறந்தவன்.

பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. 'லாடம் அடிப்பவர் - ஆர்லோ பெக்' என்று கறுப்பில் ஒரு வரி மேலே போனது, பெயரை வெட்ட மறந்திருக்கிறான், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது, ஒம்பது நிமிஷம் என்றானே, ஒன்பது என்று இவனுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. மார்லீனா, அவள் சொல்ல மாட்டாள், சொல்லியிருப்பாளோ... அடுத்த வரி மேலே போனது. 'தயாரிப்பில் பங்கு - ஆர்லோ பெக்'. பண்ணை தந்ததற்காக, குதிரை தந்ததற்காகப் போட்ட பெயர், கம்பெனிக்குக் கொடுத்த தாளிலும் எங்கள் இருவர் விலாசமும் போட்டிருந்தோம், இரண்டு விலாசத்துக்கும் கடிதம் போகும் என்று நினைத்தே பார்க்கவில்லை, எதைக் குறைப்பது என்பது இயக்குநரின்... அப்படியானால் காரில், என்னமோ சொல்ல வாயெடுத்தியே என்றானே, அது? அந்தக் காகிதம்? அதில் ஏதாவது எழுதியிருந்ததா, இல்லை வெறும் காகிதமா? கடிதம் வராமலும் போயிருக்கலாம், தபால்காரர் அந்தப் பண்ணைக்குப் போவதே வாரத்துக்கு இரண்டு நாள், எங்கேயோ காதில் விழுந்திருக்கலாம், கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பக்கவாட்டில் பார்த்தான். ஆர்லோவின் முகத்தில் ஒன்றும் இல்லை, குதிரைக்காரர்களின் முகத்தில் எதுவும் இருக்காது, இருந்தால் குதிரை மிரண்டுவிடும்.

காதில் மாட்டியிருந்ததில் யோலாண்டாவின் குரல் வந்தது. "நல்லா வந்திருக்கு சார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, எந்த எடமாவது திரும்பப் பேசணும்னா சொல்லுங்க, அந்த எடத்துல ஒட்டிக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான் ஆர்லோ. தொப்பியை மடியிலிருந்து எடுத்தான், தலையில் வைத்துக்கொள்ளவில்லை, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "லைலுக்கு இருந்தா இருக்கும்." அவ்வளவு சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் நகராமல், திரை அணைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தான், அந்த இருப்பு லைலுக்குத் தெரிந்த இருப்பு, இருபத்திரண்டு நாளும் பார்த்தது, கேமராவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறத் தெரியாதவன் ஏறி முடிக்கிற வரைக்கும்... சிவப்பு விளக்கு அணையவில்லை. லைல் மைக்கை நோக்கிக் குனிந்தான், அந்த நிழல் விழுந்த அன்றைக்குப் பிஸ்கட் எவ்வளவு நேரம் அசையாமல் நின்றது என்று நினைத்துப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை.